இணையவழிக் குற்றங்களும் சட்டமும்: நான் அழித்த ஆறு செய்திகள்

சென்ற டிசம்பர் விடுமுறையில் ஓர் இரவு, என் ராத்தாவின் கைத்தொலைபேசியிலிருந்து ஆறு வட்ஸ்அப் செய்திகளை நான் அழித்தேன். அவற்றை அனுப்பிய இலக்கத்தைத் தடைசெய்தேன். பிறகு, ஏதோ பெரிய காரியம் சாதித்துவிட்டவளைப் போல, "முடிஞ்சுது ராத்தா, இனி ஒண்டும் வராது. நீங்க படுங்க" என்று சொல்லிவிட்டு நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகப் படிப்பவள் நான். வீட்டில் யாருடைய தொலைபேசியில் என்ன கோளாறு வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். ஆகவேதான் ராத்தாவும் வாப்பாவிடம் போகாமல் என்னிடம் வந்தார். விடயம் இதுதான்: பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த படமொன்றிலிருந்து ராத்தாவின் முகத்தை மட்டும் வெட்டி, வேறு யாரோ ஒரு பெண்ணின் உடலோடு ஒட்டியிருந்தார்கள். இரண்டு நாட்களுக்குள் 25,000 ரூபா அனுப்பாவிட்டால் அந்தப் படம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகுமாம். ராத்தாவுக்குக் கல்யாணம் பேசி முடித்து அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவருடைய கை நடுங்கியதைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றேதான்: இந்த அசிங்கம் அவருடைய தொலைபேசியில் இன்னும் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது.

மூன்றாம் நாள் ராத்தாவின் பெயரிலேயே ஒரு போலிப் பேஸ்புக் கணக்கு முளைத்தது. அதிலிருந்து மாப்பிள்ளையின் தங்கைக்கு அந்தப் படம் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் வாப்பாவுக்குத் தெரியவந்தது. அவர் யாரையும் ஏசவில்லை. எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். பெண்கள் பிரிவில் இருந்த உத்தியோகத்தர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அந்த மெசேஜ்களைக் காட்டுங்க" என்றார்.

ராத்தா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

ராத்தாவின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அன்று அந்த மேசைக்கு முன்னால் நின்றபோது எனக்குச் சட்டத்தைப் பற்றி எதுவுமே தெரிந்திருக்கவில்லை. குற்றம் செய்தவனைப் பிடிப்பது பொலிஸாரின் வேலை, தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை என்று மட்டும் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுக்குள்ளும் அதில் ஒரு வேலை இருந்தது, அதை நான்தான் கெடுத்திருந்தேன் என்பது பின்னர் இந்தச் சட்டங்களைத் தேடி வாசித்தபோதே விளங்கியது. எங்கள் நாட்டுச் சட்டங்கள் மும்மொழிகளிலும் அச்சாகின்றன. தமிழ்ப் பிரதியின் வசனங்கள் சற்று நீளமானவைதான். ஆனால் பொறுமையோடு வாசித்தால் புரியாதவை அல்ல.

இணையவழிக் குற்றங்களைப் பொதுவாக இரண்டு வகையாகச் சொல்வார்கள். கணினியே தாக்கப்படுவது ஒன்று. கடவுச்சொல்லைத் திருடுதல், வைரஸ் பரப்புதல், இணையத்தளத்தை ஊடுருவுதல் எல்லாம் இதில் அடங்கும். கணினியைக் கருவியாக வைத்துக்கொண்டு பழைய குற்றத்தைச் செய்வது மற்றையது. மோசடி, மிரட்டிப் பணம் பறித்தல், அவதூறு என்று இந்தப் பட்டியல் நீளும். ராத்தாவுக்கு நடந்தது இந்த இரண்டாம் வகை. இந்த வேறுபாடு பாடப்புத்தகத்துக்கு மட்டும் உரியதென்று நினைத்திருந்தேன். இல்லை, எந்தச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்வது என்ற கேள்வியே இதில்தான் தங்கியிருக்கிறது.

முதல் வகைக்கு எங்கள் நாட்டிலுள்ள பிரதான சட்டம் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம். இது 2008 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இதன் 3ஆம் பிரிவு என்னைத் திடுக்கிட வைத்தது. அனுமதியில்லை என்று தெரிந்துகொண்டே ஒரு கணினிக்குள் நுழைய முனைவதே குற்றம். எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை, எதையும் கெடுத்திருக்க வேண்டியதுமில்லை. அந்தப் பிரிவுக்கான விளக்கத்தில், கணினியை வெறுமனே இயக்கிவிடுவதுகூடப் போதுமானது என்று சொல்லப்பட்டிருக்கிறது. தண்டனை ஒரு இலட்சம் ரூபா வரையான தண்டப்பணம், அல்லது ஐந்து வருடம் வரையான சிறை, அல்லது இரண்டும். 'கணினி' என்ற சொல்லுக்குத் தகவலைக் கையாளும் ஆற்றலுள்ள இலத்திரனியல் சாதனம் என்று விரிவான பொருள் கொடுத்திருப்பதால் எங்கள் கைத்தொலைபேசியும் அதற்குள் வந்துவிடும். தோழியின் தொலைபேசிக்கு ‘பெட்டர்ன்’ போடுவதைக் கடைக்கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டு, அவள் இல்லாத நேரத்தில் திறந்து பார்ப்பது எங்களில் சிலருக்கு விளையாட்டு. சட்டத்தின் கண்ணில் அது விளையாட்டு அல்ல.

இதற்கு எங்கள் வயதிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2016 ஆகஸ்டில் இலங்கை ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ இணையத்தளம் ஊடுருவப்பட்டது. தளத்தைத் திறந்தவர்கள் கண்டது க.பொ.த. உயர்தரப் பரீட்சையைப் பற்றிய ஒரு மனக்குறை! பரீட்சையை ஏப்ரலில் நடத்தினால் புத்தாண்டுக் காலத்தோடு முட்டுகிறது, திகதியை மாற்றுங்கள் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. சில நாட்களில் கடுகண்ணாவையைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் கைதானார். கணினிக் குற்றச் சட்டம்தான் அவர் மீது பாய்ந்தது. பரீட்சைத் திகதி பற்றிக் குறை சொல்லாத உயர்தர மாணவி யாராவது எங்கள் கல்லூரியில் இருக்கிறாளா? கோரிக்கையில் குற்றமில்லை. அதை எழுதுவதற்குத் திறந்த கதவுதான் குற்றம். அத்தனை திறமையுள்ள ஒரு பிள்ளைக்கு இந்த ஒரு பிரிவை யாராவது முன்கூட்டியே வாசித்துக் காட்டியிருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன்.

சட்டம் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 2000ஆம் ஆண்டு மே 4ஆம் திகதி, உலகின் பல பாகங்களிலும் அலுவலகக் கணினிகளுக்கு 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்ற தலைப்போடு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. கூடவே ஒரு காதல் கடிதம் இணைக்கப்பட்டிருந்தது. திறந்தவர்களின் கணினிக்குள் புகுந்த வைரஸ் அங்கிருந்த கோப்புகளைக் கெடுத்ததோடு, அவர்களுடைய முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. சில நாட்களுக்குள் மில்லியன் கணக்கான கணினிகள் பாதிக்கப்பட்டன. தேடிப் போனவர்கள் பிலிப்பைன்ஸின் மணிலா நகரிலுள்ள ஒரு கணினிக் கல்லூரி மாணவரின் வாசலில் போய் நின்றார்கள். ஆனால் அந்த நாட்டில் அப்போது வைரஸ் பரப்புவதைக் குற்றமாக்கும் சட்டமே இருக்கவில்லை. அவசர அவசரமாக அடுத்த மாதமே ஒரு சட்டம் வந்தது. என்ன பயன்? செய்யும்போது குற்றமாக இல்லாத ஒன்றுக்குப் பின்னால் வந்த சட்டத்தைக் கொண்டு தண்டிக்க முடியாது. எங்கள் அரசியலமைப்பிலும் இந்த விதி இருக்கிறது. வழக்கு கைவிடப்பட்டது. எங்கள் நாட்டில் கணினிக் குற்றச் சட்டம் வருவதற்கு அதன் பின்னரும் ஏழு வருடங்கள் சென்றன.

சட்டம் இருந்தாலும் அது எல்லையில் நின்றுவிடும், களவு நிற்காது. இதற்கு நான் படித்தவற்றுள் மிகப் பெரிய உதாரணத்தில் எங்கள் நாடும் வந்து போகிறது. அதனால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2016 பெப்ரவரி 4ஆம் திகதி, வியாழக்கிழமை இரவு. டாக்காவிலுள்ள பங்களாதேஷ் மத்திய வங்கியில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் வங்கியின் கணினிகளிலிருந்து நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க பெடரல் ரிசேர்வ் வங்கிக்குக் கட்டளைகள் போகத் தொடங்கின. அங்கே பங்களாதேஷின் பணம் வைப்பில் இருந்தது. 35 கட்டளைகள், மொத்தம் 951 மில்லியன் டொலர். கட்டளைகளை அனுப்பியவர்கள் வங்கி உத்தியோகத்தர்கள் அல்லர். ஒரு வருடத்துக்கு முன்பே, வேலைக்கு விண்ணப்பிப்பதைப் போன்ற மின்னஞ்சல் ஒன்றை அனுப்பி அதன் வழியாக உள்ளே நுழைந்து, சத்தமில்லாமல் காத்திருந்த ஊடுருவிகள்.

அவர்கள் தெரிவு செய்த நாட்களைப் பாருங்கள். வெள்ளியும் சனியும் பங்களாதேஷில் விடுமுறை. சனியும் ஞாயிறும் நியூயோர்க்கில் விடுமுறை. திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு. பணம் போய்ச் சேர்ந்த மணிலாவில் விடுமுறை. ஒரு நாட்டில் ஆள் இருக்கும்போது அடுத்த நாட்டில் ஆள் இல்லை. வெளியே போகும் கட்டளைகளையெல்லாம் தாளில் பதிந்து வைக்கும் அச்சு இயந்திரத்தையும் செயலிழக்கச் செய்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை கடமைக்கு வந்தவர்கள் அதை வழக்கமான ஒரு கோளாறு என்றே நினைத்தார்கள். தாள் இல்லையென்றால் தடயமும் இல்லை. இந்த இடத்தை வாசித்தபோது என் முகம் சுட்டது. அந்தக் கள்வர்கள் தங்களைக் காத்துக்கொள்வதற்குச் செய்ததைத்தான், என் ராத்தாவை மிரட்டியவனுக்காக நான் கூலியில்லாமல் செய்து கொடுத்திருக்கிறேன்.

அந்த 35 கட்டளைகளில் ஐந்து நிறைவேறின. நான்கு, மணிலாவிலுள்ள ஒரு வங்கிக் கிளைக்கு 81 மில்லியன் டொலரைக் கொண்டு சேர்த்தன. ஐந்தாவது கட்டளையின் 20 மில்லியன் டொலர் வந்தது இலங்கைக்கு. இங்குள்ள வங்கியொன்றில் கணக்கு வைத்திருந்த ஒரு நிறுவனத்தின் பெயருக்கு அது அனுப்பப்பட்டிருந்தது. அந்தப் பெயரில் வரும் 'ஃபவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல் 'ஃபண்டேஷன்' என்று பிழையாக எழுத்துக்கூட்டப்பட்டிருந்தது. இடையில் பணத்தைக் கைமாற்றிய ஜெர்மன் வங்கி ஒன்றின் கண்ணில் இந்தப் பிழை பட, அது விளக்கம் கேட்டது. விளக்கம் கேட்டதும் குட்டு வெளிப்பட்டது. அந்த 20 மில்லியன் திரும்பிப் போனது. எழுத்துப் பிழைக்குப் புள்ளி குறைக்கும் எங்கள் டீச்சர்மாருக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

மணிலாவுக்குப் போன 81 மில்லியனுக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. அது சூதாட்ட விடுதிகளுக்குள் போய்க் கரைந்தது. ஏன் சூதாட்ட விடுதி? அன்றைய பிலிப்பைன்ஸின் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டம் வங்கிகளைக் கண்காணித்தது, சூதாட்ட விடுதிகளைக் கண்காணிக்கவில்லை. கள்வர்கள் கணினியை மட்டும் படித்திருக்கவில்லை; சட்டத்தையும் படித்து அதன் ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தார்கள். 2017இல் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. பணத்தை வெளியே விட்ட வங்கிக் கிளையின் முகாமையாளருக்கு 2019இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஊடுருவலின் பின்னால் இருந்ததாக வடகொரியாவைச் சேர்ந்த ஒருவர் மீது அமெரிக்கா 2018இல் குற்றம் சாட்டியது. பணத்தின் பெரும்பகுதி திரும்பவேயில்லை.

டாக்கா, நியூயோர்க், மணிலா, கொழும்பு. ஒரே களவு. எந்த நாட்டுப் பொலிஸார் எந்த நாட்டுக் கணினியைத் திறந்து பார்ப்பது? இதற்காகத்தான் நாடுகள் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொள்கின்றன. 2001 நவம்பரில் ஹங்கேரியின் தலைநகரில் கைச்சாத்துக்கு விடப்பட்ட புடாபெஸ்ட் சமவாயம் அவற்றுள் முதன்மையானது. எவையெவை குற்றம் என்பதில் உறுப்பு நாடுகள் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ள வேண்டும். மற்றைய நாடு கேட்டால் தரவை அழியவிடாமல் பாதுகாக்க வேண்டும். இதற்கென இருபத்துநான்கு மணி நேரமும் தொடர்புகொள்ளக்கூடிய ஓர் அலுவலகம் ஒவ்வொரு நாட்டிலும் இருக்க வேண்டும். இலங்கை 2015இல் இதில் இணைந்தது. தெற்காசியாவில் இணைந்த முதல் நாடு நாம்தான். ஐக்கிய நாடுகள் பொதுச் சபையும் 2024 டிசம்பரில் இணையக் குற்றங்களுக்கு எதிரான தனது சமவாயத்தை ஏற்றுக்கொண்டது.

இந்த உடன்படிக்கைகளிலும் எங்கள் சட்டத்திலும் திரும்பத் திரும்ப வருகின்ற ஒரு சொல் 'பாதுகாத்து வைத்தல்'. கத்தியால் குத்தியவனின் கத்தி ஒரு வருடம் கழித்தும் கிடைக்கலாம். ஆனால் ஒரு செய்தி எங்கிருந்து, எத்தனை மணிக்கு, எந்த இணைப்பின் வழியாக வந்தது என்ற பதிவை நிறுவனங்கள் நெடுநாள் வைத்திருப்பதில்லை. அதனால்தான் கணினிக் குற்றச் சட்டம் விசாரணை செய்பவருக்கு ஓர் அதிகாரம் கொடுக்கிறது: அழிந்துவிடக்கூடிய தரவு என்று கண்டால், அதை வைத்திருப்பவருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுத்து ஏழு நாட்களுக்கு அப்படியே வைத்திருக்கச் செய்யலாம். நீதவானிடம் விண்ணப்பித்தால் அதை 90 நாட்கள் வரை நீடிக்கலாம். ஏழு நாட்கள்! நாங்கள் மூன்று நாட்களைப் பயத்திலேயே கழித்துவிட்டுப் போயிருந்தோம். சில வீடுகளில் மாதக் கணக்கில் மறைத்து வைத்திருப்பார்கள்.

அன்று பொலிஸ் நிலையத்தில் எங்களுக்கு மிஞ்சியிருந்தவை இரண்டு. நான் தடைசெய்திருந்த இலக்கம் அந்தத் தடைப் பட்டியலிலேயே இருந்தது. உத்தியோகத்தர் அதைக் குறித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் தங்கை, அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லி நன்றி தெரிவிப்பதென்று எனக்குத் தெரியவில்லை, தனக்கு வந்த செய்தியையும் போலிக் கணக்கின் முகவரியையும் திகதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருந்தார். அவர் கணினி படித்தவர் அல்லர். "எனக்கு அந்தப் படத்தப் பாத்ததும் கோபம்தான் வந்திச்சு. இத எங்கயாவது காட்டோணும் எண்டு நெனச்சேன்" என்றார். எனக்கு அந்த இரவில் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. வெட்கம் வந்தவள் அழித்தாள். கோபம் வந்தவள் எடுத்து வைத்தாள்.

எந்தச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு என்ற கேள்விக்கு வருகிறேன். 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஊடுருவலைப் பற்றிப் பேசுகிறது. ஒரு பெண்ணின் படத்தைத் திரித்து மிரட்டுவதற்கென்று அதில் தனியான பிரிவு இல்லை. அப்படியானால் குற்றமே இல்லையா? இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில், 1883இல் இயற்றப்பட்ட எங்கள் தண்டனைச் சட்டக்கோவையே மிரட்டிப் பணம் பறிப்பதையும் அச்சுறுத்துவதையும் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதையும் குற்றமாக்கியிருக்கிறது. கடிதத்தில் மிரட்டினால் என்ன, வட்ஸ்அப்பில் மிரட்டினால் என்ன? சிறுவர்களின் ஆபாசப் படங்களை எடுப்பதும் வைத்திருப்பதும் பரப்புவதும் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அதே கோவைக்குள் கொண்டுவரப்பட்டன. எங்கள் வங்கி விவரம், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் போன்றவற்றைச் சேகரித்து வைத்திருக்கும் நிறுவனங்களின் பொறுப்பைப் பற்றி 2022இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

2024 ஜனவரியில் பாராளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் போலிக் கணக்கு வழியாக ஆள்மாறாட்டம் செய்வதையும், ஒருவரின் தனிப்பட்ட விடயங்களை வெளியிட்டுத் துன்புறுத்துவதையும் நேரடியாகவே குற்றமாக்குகிறது. ராத்தாவுக்கு நடந்ததற்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் இருக்க முடியாது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். ஆனால் இந்தச் சட்டத்துக்கு ஊடகவியலாளரும் சட்டத்தரணிகளும் மனித உரிமை அமைப்புகளும் கடும் எதிர்ப்புத் தெரிவித்திருந்தார்கள். எது உண்மை, எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழுவின் கையில் போனால், அரசை விமர்சிப்பவர்களின் வாயை அடைக்கவும் அது உதவும் என்பது அவர்களின் பயம்.

அந்தப் பயத்தை வீண் பயம் என்று எங்கள் சமூகத்தவர் சொல்ல மாட்டார்கள். கண்டிப் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற முஸ்லிம் அரச உத்தியோகத்தர் ஒருவர், கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரலில், முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பிரசாரத்தைப் பேனாவாலும் கணினி விசைப்பலகையாலும் எதிர்கொள்ள வேண்டும் என்று பேஸ்புக்கில் எழுதினார். அந்தக் கருத்துப் போராட்டத்துக்கு அவர் பாவித்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவரைக் கைது செய்தார்கள். அவர் மீது பிரயோகிக்கப்பட்டவற்றுள் கணினிக் குற்றச் சட்டமும் ஒன்று. நோயாளியான அந்த மனிதர் ஐந்து மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். அந்தக் கைது சட்டவிரோதமானது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவருக்குப் பத்து இலட்சம் ரூபா நட்டஈடு வழங்கும்படி உத்தரவிட்டது 2023 நவம்பரில்தான். என் ராத்தாவுக்கு உதவக்கூடிய அதே சட்டம், வெறுப்புக்கு எதிராக எழுதிய ஒருவரைச் சிறையில் வைக்கவும் பயன்பட்டிருக்கிறது. சட்டம் வேண்டும் என்று கேட்கும் நாங்கள் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் வாசிக்க வேண்டியிருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு விடயம் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்குப் புத்தி சொல்லும் வயது எனக்கில்லை, நடந்ததைச் சொல்கிறேன். ராத்தா ஏன் உங்களிடம் வரவில்லை என்று வாப்பா பின்னர் என்னிடம் கேட்டார். நான் ராத்தாவிடம் கேட்டேன். "போனப் பறிச்செடுப்பாங்க, வகுப்புக்கும் போக விடமாட்டாங்க, கல்யாணம் முறிஞ்சா நான்தான் காரணம் எண்டு ஊர் பேசும்" என்றார். மிரட்டுபவன் நம்பியிருப்பதும் இந்த மூன்றையும்தான். அவனிடம் இருந்தது ஒரு பொய்ப் படம் மட்டுமே. முறைப்பாடு செய்தால் விடயம் ஊரெல்லாம் பரவிவிடும் என்று உம்மா அழுதார். கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் விசாரணை செய்பவர்கள், விசாரணையில் அறியவரும் விடயங்களை வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் அதுவும் தண்டனைக்குரியது என்று ஒரு பிரிவு இருப்பதை அன்று நான் அறிந்திருந்தால் உம்மாவுக்குச் சொல்லியிருப்பேன்.

பொலிஸுக்குப் போவதற்கே தயக்கமென்றால் தொலைபேசியிலாவது பேசலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை அழைக்கலாம். பெண்களுக்கு 1938 இருக்கிறது. போலிக் கணக்கு, திரித்த படம் போன்றவற்றில் சிக்கிய பெண்களுக்கு வழிகாட்டுவதற்கென்றே 'ஹிதவதி' என்றொரு சேவை இயங்குகிறது. கணினி அவசர நிலைகளுக்குப் பொறுப்பான இலங்கை சேர்ட் நிறுவனம் 2006 முதல் இருக்கிறது. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணினிக் குற்றங்களுக்கென்று தனிப் பிரிவும் உண்டு. எங்கு போனாலும் முதலில் கேட்கப்படுவது அந்த உத்தியோகத்தர் எங்களிடம் கேட்டதுதான்: வந்ததைக் காட்டுங்கள். ஆகவே செய்தியை அழிக்காதீர்கள். அனுப்பியவரின் இலக்கமும் திகதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். போலிக் கணக்கென்றால் அதன் இணைய முகவரியை எழுதி வையுங்கள். ஒரு ரூபாகூட அனுப்பாதீர்கள். ஒரு தடவை அனுப்பியவர்களிடம் அவன் மறுபடி கேட்பான். தடைசெய்வது, முறைப்பாடு செய்து கணக்கை நீக்கவைப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் முறைப்பாடு இன்னும் முடியவில்லை. அந்தப் போலிக் கணக்கு நீக்கப்பட்டுவிட்டது. அதை நடத்தியவன் யாரென்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அந்த ஆறு செய்திகளும் இருந்திருந்தால் தெரிந்திருக்குமா என்ற கேள்வி என்னை விட்டுப் போவதாயில்லை. அவற்றில் பணத்தை அனுப்பச் சொல்லி ஒரு வங்கிக் கணக்கு இலக்கம் கொடுக்கப்பட்டிருந்தது ராத்தாவுக்கு ஞாபகம். இலக்கம் ஞாபகமில்லை.

கல்யாணம் குறித்த நாளிலேயே நடந்தது. படம் வந்த அன்றே மாப்பிள்ளையின் உம்மா எங்கள் உம்மாவுக்கு அழைப்பெடுத்து, "புள்ளட மூஞ்சி எங்களுக்குத் தெரியாதா? அழாதீங்க, முதல்ல பொலிஸுக்குப் போங்க" என்று சொல்லியிருந்தார்.

போன வாரம் உம்மா குசினியிலிருந்து தன் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி வந்தார். வெளிநாட்டிலிருந்து பரிசுப் பொதி வந்திருக்கிறது, சுங்கத்தில் நிற்கிறது, எடுப்பதற்கு உங்கள் தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்கங்களைச் சொல்லுங்கள் என்று யாரோ அனுப்பியிருந்தார்கள். அந்த ஆறு இலக்கங்கள்தான் வங்கிக் கணக்கையும் வட்ஸ்அப்பையும் திறக்கும் சாவி என்று உம்மாவுக்கு ஏற்கனவே சொல்லி வைத்திருந்தேன்.

"நான் ஒண்டும் சொல்லல்ல புள்ள" என்றார். "அழிக்கவுமில்ல. அந்தப் படம் எடுக்கிறது எப்பிடி எண்டு காட்டித் தாங்க."